கோடு பொய் சொல்லும்: ஆறு சிலிண்டர் எஞ்சினில் இக்னிஷன் டைமிங்



நான் பசியாவரத்துப் பையன். பழவேற்காடு ஏரியில் உள்ள மீனவ கிராமம் அது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் படகேறி ஏரியைக் கடந்துதான் பழவேற்காடு போவோம். ஆட்டோமொபைல் பிரிவில் சேர்ந்ததும் ஊரில் எனக்கு ஒரு மரியாதை வந்தது. யார் படகு எஞ்சின் மக்கர் பண்ணினாலும் "தம்பி வரட்டும்" என்பார்கள். தலைக்கனம் ஏற அது போதாதா?

இரண்டாம் ஆண்டு தீபாவளி லீவில், எங்கள் படகின் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினில் இழுவை பத்தலை என்றார் அப்பா. பில்டரைப் பார்த்திருக்கணும், நாசிலைப் பார்த்திருக்கணும். நானோ நேராக பம்ப்பைக் கழற்றி, அடியிலிருந்த ஷிம்மில் இரண்டை எடுத்துவிட்டேன். ஷிம் குறைந்தால் பம்ப் கேமுக்கு நெருங்கும், டீசல் முன்னதாகப் பாயும். அது மட்டும்தான் எனக்குத் தெரியும். எவ்வளவு முன்னதாக என்று அளக்கவில்லை.

மறுநாள் விடியலில் அப்பா ஹேண்டில் போட்டுச் சுற்றினார். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பொன்னேரியில் கட்டுப் போட்டார்கள். இறால் படும் மழைக்காலத்தில் ஒன்றரை மாதம் எங்கள் படகு கரையில் கிடந்தது. அப்பா திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "படிச்சதச் செஞ்சியா, தோணினதச் செஞ்சியா?"

அதற்குப் பதில் எனக்கு லேபில்தான் கிடைத்தது.

டைமிங் என்றால் என்ன?

லேபில் ஒரு பழைய ஆறு சிலிண்டர் பெட்ரோல் லாரி எஞ்சின் ஸ்டாண்டில் நிற்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஆறு சிலிண்டரும் ஒருமுறை எரியும். அதாவது 120 டிகிரிக்கு ஒன்று. வரிசை 1-5-3-6-2-4.

பெட்ரோல் வெடிப்பதில்லை, எரிகிறது. எரிய நேரம் வேண்டும். பிஸ்டன் மேல்முனையைத் தாண்டி ஏறக்குறைய 15 டிகிரி இறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் நல்ல இழுவை. ஆகவே மேல்முனைக்கு முன்பே ஸ்பார்க் விழ வேண்டும். 600 ஆர்.பி.எம்.-இல் கிராங்க் ஒரு மில்லி செகண்டில் 3.6 டிகிரி நகரும். 3000-இல் 18 டிகிரி. எரிகிற நேரம் அந்த அளவுக்குக் குறையாது. அதனால்தான் வேகம் கூடக் கூட ஸ்பார்க்கை முன்னே தள்ள டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எடைக்கற்கள் வைத்திருக்கிறார்கள்.

எரிபொருள் மாறினாலும் டைமிங் மாறும். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலம் தயாரித்தது. நம் பஸ்கள் கரி போட்டு ஓடின. கரிவாயு பெட்ரோலைவிட மெதுவாக எரியும். எனவே ஸ்பார்க்கை இன்னும் முன்னதாகக் கொடுக்க வேண்டும்.

உதைத்த எஞ்சின்

எங்கள் பேட்ச், புத்தகத்தில் சொன்னபடி, முன் புல்லியிலுள்ள கோட்டை வைத்து மேல்முனைக்கு 8 டிகிரி முன்பாக டைமிங் வைத்தது. ஸ்டார்ட்டர் போட்டோம். எஞ்சின் திமிறி நின்றது. மறுபடியும் அதே உதை. எனக்கு அப்பாவின் கை ஞாபகம் வந்துவிட்டது.

சார் கேட்டார்: "கோடு சரியா இருக்குன்னு யாருப்பா சொன்னது?"

ஆறு சிலிண்டர் கிராங்க் நீளமானது, முறுக்கி அதிரும். அந்த அதிர்வை அடக்க, புல்லியின் வெளி வளையத்துக்கும் நடுப்பகுதிக்கும் இடையே ரப்பர் வைத்திருப்பார்கள். வயசான ரப்பர் வழுக்கினால் வெளி வளையம் நகரும். கோடும் கூடவே நகரும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

உண்மையான மேல்முனையைக் கண்டுபிடிக்க

இது வால்வுகள் ஹெட்டில் உள்ள, பிளக் ஓட்டை வழியாகப் பிஸ்டனைத் தொட முடிகிற எஞ்சினுக்கு மட்டும்.

1. பேட்டரி ஒயரைக் கழற்று. எல்லா பிளக்கையும் கழற்று.

2. பழைய பிளக்கின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, முனை மழுக்கிய போல்ட் ஒன்றைப் பொருத்து. அதை முதல் சிலிண்டரில் மாட்டு.

3. கிராங்க்கைக் கையால் மெதுவாகச் சுற்று. பிஸ்டன் போல்ட்டில் தட்டி நின்றதும், முள்ளுக்கு நேரே புல்லியில் சாக்பீஸ் கோடு போடு. எதிர்த் திசையில் சுற்றி, தட்டும் இடத்தில் இன்னொரு கோடு போடு.

4. இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவேதான் உண்மையான மேல்முனை. அங்கே பெயின்ட் வை. போல்ட்டைக் கழற்ற மறக்காதே.

எங்கள் புல்லியின் விட்டம் 180 மி.மீ. சுற்றளவு 565 மி.மீ. ஒரு டிகிரிக்கு 1.57 மி.மீ. பழைய கோடு 19 மி.மீ. தள்ளியிருந்தது. அதாவது 12 டிகிரி! நாங்கள் வைத்தது 8 அல்ல, 20. ஸ்டார்ட்டர் 200 ஆர்.பி.எம்.-இல் சுற்றும்போது 20 டிகிரி கடக்க சுமார் 17 மில்லி செகண்ட் ஆகும். பிஸ்டன் மேலே வரும் முன்பே எரிந்து முடிந்து, வந்த வழியே கீழே தள்ளிவிடுகிறது. உதைக்காமல் என்ன செய்யும்?

டைமிங் வைக்கும் முறை

1. முதலில் பாயின்ட் இடைவெளி, பிறகுதான் டைமிங். இடைவெளி கூடினால் பாயின்ட் முன்னதாகத் திறக்கும், டைமிங்கும் மாறிவிடும்.

2. ஒன்றும் ஆறும் சேர்ந்தே மேலே வரும். எது கம்ப்ரஷனில் வருகிறது? முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிச் சுற்று. காற்று விரலைத் தள்ளினால் முதலாவதுதான்.

3. ஓடும் திசையிலேயே சுற்றி, புதுக் கோட்டுக்கு முன்பாக 8 டிகிரியில் நிறுத்து. தாண்டிவிட்டால் கால் சுற்று பின்னால் போய் மறுபடி வா. இல்லையென்றால் பல்சக்கர இடைவெளி ஏமாற்றும்.

4. பேட்டரியை மாட்டு. காயிலிலிருந்து பாயின்ட்டுக்குப் போகும் முனையிலிருந்து பாடிக்கு ஒரு பல்ப் மாட்டி, இக்னிஷன் போடு. டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டர் சுற்றும் திசையில் திருப்பி பல்பை அணைய விடு. பிறகு எதிர்த் திசையில் மெதுவாகத் திருப்பு. பல்ப் எரியும் இடத்தில் பாயின்ட் திறக்கிறது. அங்கே டைட் பண்ணு.

5. எஞ்சின் ஓடியதும், வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐட்லிங்கில் டைமிங் லைட்டால் சரிபார்.

அன்று எங்கள் எஞ்சின் அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது.

பெட்ரோல் லாரி மறைந்து ரொம்ப நாளாச்சே, இது எதற்கு என்று கேட்கலாம். எங்கள் ஊருக்குத் தெற்கே எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. அதன் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினிலும் அதே 1-5-3-6-2-4தான். ஸ்பார்க்குக்குப் பதில் டீசல் பாய்கிறது, அவ்வளவே.

மறுபடியும் படகு

பொங்கல் லீவில் ஊருக்குப் போனேன். எடுத்த ஷிம் இரண்டையும் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தேன். அவற்றைத் திரும்பப் போட்டேன். பம்ப்பின் ஹைப்ரஷர் பைப்பைக் கழற்றி, பிளைவீலை மெதுவாகச் சுற்றி, அந்த வாயில் டீசல் அசையும் கணத்தில் பிளைவீல் கோட்டைப் பார்த்தேன். சரியாக இருந்தது. அங்கே ரப்பர் வளையம் கிடையாது, கோடு நகர வழியில்லை. பிறகு பில்டரைத் திறந்தேன். முழுக்கச் சேறு. இழுவை குறைந்ததற்குக் காரணம் அதுதான். டைமிங்கில் முதலிலிருந்தே கோளாறு இல்லை.

அப்பா ஹேண்டிலை எடுக்க வந்தார். நான் கொடுக்கவில்லை. நானே சுற்றினேன். பிடித்துக்கொண்டது.

நண்பர்களே, கழற்றும் முன் குறி போடுங்கள். குறியை நம்பும் முன் அளந்து பாருங்கள். நீங்கள் வைத்த டைமிங்குக்கு முதல் ஹேண்டில் நீங்களே போடுங்கள். இன்னொருவர் கையில் கொடுக்காதீர்கள்.

வாழ்த்துகளுடன்,
ஆட்டோமொபைல் பிரிவு மாணவன், மூன்றாம் ஆண்டு