பல் சொன்ன பாதிக் கதை

இன்று காலை நீங்கள் சாப்பிட்டது தோசையா, நாசி லெமாக்கா என்று 50,000 ஆண்டுகள் கழித்து ஒருவர் கண்டுபிடிக்க முடியுமா? ஒழுங்காகப் பல் விளக்காவிட்டால் வாய்ப்பு உண்டு!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பல்லில் படியும் அழுக்கு, எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கல்போல இறுகிவிடும். அதுதான் பற்காறை. பல் டாக்டர் சுரண்டி எடுப்பாரே, அதேதான். இறுகும்போது உணவுத் துணுக்குகளையும் கிருமிகளையும் உள்ளே பூட்டிக்கொள்ளும்.

இதை நான் படிக்கப் போனதே ஒரு தலைகுனிவால்தான். இளைஞர் வகுப்பில் ஒருநாள், "நியாண்டர்தால் மனிதன் சுத்த சைவம். அவன் பல்லே சாட்சி!" என்று அடித்துப் பேசினேன். கைப்பேசியில் வந்த செய்தியை நம்பிய பேச்சு. ஐந்தாம் படிவத் தங்கை ஒருவர் கை தூக்கினார். "அண்ணா, அதே ஆய்வுல பெல்ஜியத்துல இருந்தவங்க காண்டாமிருகம் தின்னதாவும் போட்டிருக்கே?" என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போய்த்தான் முழுசாகப் படித்தேன்.

நியாண்டர்தால் மக்கள் ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழ்ந்து, ஏறக்குறைய 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்தவர்கள். 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அவர்களுடைய பற்காறையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்துப் பார்த்தது. ஸ்பெயினின் எல் சிட்ரோன் குகையில் இருந்தவர்களிடம் காளான், பைன் கொட்டை, பாசி ஆகியவற்றின் தடயம் கிடைத்தது. இறைச்சித் தடயம் இல்லை. பெல்ஜியத்தின் ஸ்பி குகையில் கிடைத்ததோ கம்பளிக் காண்டாமிருகம், காட்டுச் செம்மறி, கூடவே காளான். எனக்கு வந்த செய்தியில் முதல் குகை மட்டும்தான் இருந்தது.

ஈராக்கின் ஷானிதார் குகைப் பற்களைப் பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்வில் பேரீச்சை, பார்லி வகைப் புல் விதை இவற்றின் தடயங்கள் கிடைத்தன. சில மாவுத் துகள்கள் சமைத்ததுபோல உருமாறியிருந்தன.

அப்படின்னா எலும்பு என்ன சொல்கிறது? எலும்பில் உள்ள நைட்ரஜனை அளந்தால், ஐரோப்பாவில் பல இடங்களில் இவர்கள் ஓநாய் போன்ற வேட்டை விலங்குகளின் வரிசையில் நிற்கிறார்கள். அதாவது நிறைய இறைச்சி.

பல் பொய்யா, எலும்பு பொய்யா? இரண்டும் இல்லை. பொறியியல் மாணவனாக இது எனக்குப் பழக்கமான விஷயம். ஒரு சென்சார், தான் அளக்கும் பொருளைப் பற்றி மட்டுமே பேசும். எலும்பு நைட்ரஜன் முக்கியமாகப் புரதத்தைக் காட்டும். புரதம் குறைந்த கிழங்கும் பழமும் அதில் மறைந்துபோகும். பற்காறை, எது வாய்க்குள் போனது என்று சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. ஒரே சென்சாரை வைத்து முழுப் படம் வரைந்ததுதான் என் தப்பு.

என் மனதைத் தொட்டது இன்னொரு தடயம். எல் சிட்ரோன் குகையைச் சேர்ந்த ஒருவருக்குப் பல்லில் சீழ்க்கட்டி. வயிற்றைக் கெடுக்கும் கிருமியும் இருந்தது. அவருடைய பற்காறையில் பாப்லர் மரத்தின் தடயம் இருந்தது. ஆஸ்பிரினுக்கு உறவான வலி நீக்கும் பொருள் அம்மரப் பட்டையில் உண்டு. அதே குகைப் பற்களில் கெமோமில் போன்ற கசப்பு மூலிகைகளின் தடயத்தை 2012இலேயே கண்டிருக்கிறார்கள். வலிக்கு மருந்தாக மென்றிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. வேட்டையாடிய விலங்கின் இரைப்பையில் கிடந்த செடியாகவும் இருக்கலாம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். "இருக்கலாம்" என்ற அந்த வார்த்தையை நாமும் விடாமல் சொல்ல வேண்டும்.

நான் சைவம்தான். அதற்கு என்னிடம் சொந்தக் காரணங்கள் இருக்கின்றன. அந்தக் காரணங்களுக்கு நியாண்டர்தால் மனிதனைப் பொய்ச் சாட்சிக்கு இழுக்கத் தேவையில்லை. நல்ல கொள்கைக்காகச் சொன்னாலும் பாதி உண்மை பாதிதான். அடுத்த வகுப்பில் முதல் வேலையாக அந்தத் தங்கைக்கு நன்றி சொல்லி, நான் பேசியதைத் திருத்தினேன்.

கலந்துரையாடுங்கள்:
1. பற்காறை காட்டுவதும் எலும்பு காட்டுவதும் எப்படி வேறுபடுகின்றன?
2. நமக்குப் பிடித்த முடிவைச் சொல்லும் செய்தி கைப்பேசியில் வந்தால், பகிர்வதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?