கோடைப் பள்ளியில் ஆறு வாரம்

நம் நாட்டில் கோடை என்றதும் நினைவுக்கு வருவன கத்திரி வெயிலும் நுங்கும் பள்ளி விடுமுறையுமே ஆகும். வெயிலுக்கு அஞ்சி நாம் நிழலைத் தேடுகிறோம். ஆங்கில நாட்டிலோ மக்கள் ஆண்டு முழுவதும் கோடையை எதிர்நோக்கிக் காத்திருக்கின்றனர். ஜூலைத் திங்களில் அங்குக் காலை ஐந்து மணிக்கு முன்னரே பொழுது புலர்ந்துவிடுகிறது. இரவு ஒன்பது மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருக்கிறது. வெயில் சற்றே எட்டிப் பார்த்தாலும் முதியவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்திற்கு வந்துவிடுவார்கள். நம் ஊர் மார்கழி வெயில் இதனைக் கண்டால் நகைக்குமே என்று நான் எண்ணியதுண்டு; ஆனால் அதை எவரிடமும் சொன்னதில்லை.

மாணவர்கள் தங்கிப் பயிலும் பழைய பள்ளிகள் பல அந்நாட்டில் உள்ளன. அவற்றுள் சிலவற்றைப் 'பப்ளிக் ஸ்கூல்' என்று வழங்குகின்றனர். பெயரைக் கேட்டு, பொதுமக்களுக்குரிய பள்ளிகள் என்று மயங்கிவிடலாகாது. அவை மிகுந்த கட்டணம் பெறும் தனியார் பள்ளிகளே. ஜூலைத் தொடக்கத்தில் மாணவர்கள் வீடு திரும்பியதும் அப்பள்ளிகளின் விடுதிகளும் உண்டிச்சாலைகளும் ஆடுகளங்களும் வெறிச்சோடிப் போகின்றன. அவ்விடங்களை வாடகைக்கு எடுத்து, ஆங்கிலம் கற்பிக்கும் நிறுவனங்கள் கோடைப் பள்ளி நடத்துகின்றன. இத்தாலி, ஸ்பெயின், துருக்கி, சீனா, ஜப்பான் முதலிய நாடுகளிலிருந்து பிள்ளைகள் வந்து இரண்டு மூன்று வாரம் தங்கி ஆங்கிலம் பயின்று செல்கின்றனர். ஏற்புச் சான்று வேண்டும் பள்ளிகளை, 1934-ஆம் ஆண்டில் தோன்றிய பிரிட்டிஷ் கவுன்சில் பார்வையிட்டு அதனை வழங்குகிறது. இத்தகைய பன்னாட்டுப் பள்ளி ஒன்றில் நான் ஆறு வாரம் வேலை பார்த்தேன்.

அப்போது நான் அந்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இளங்கலை இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். வெளிநாட்டு மாணவன் பாட காலத்தில் வாரத்திற்கு 20 மணி நேரமே வேலை செய்யலாம். விடுமுறையில் முழுநேரமும் செய்யலாம் என்பது அங்குள்ள விதி. என் தந்தையார் வீட்டை ஈடு வைத்து என்னை அனுப்பியிருந்தார். ஆதலால் கோடையில் ஊர் திரும்பும் எண்ணத்தை விட்டு வேலை தேடினேன்.

பிள்ளைகளோடு பழகும் வேலைக்கு வருபவர் எவராயினும் குற்றப் பதிவு இல்லாதவர் என்று அரசின் சான்று பெற்றாக வேண்டும். நம் நாட்டிலிருந்து காவல் துறைச் சான்றும் நான் வரவழைத்துக் கொடுத்தேன். நேர்காணலில் என் படிப்பைப் பற்றி ஒரு வினாவும் எழவில்லை. "ஒரு பிள்ளை உம்மிடம் தன் துன்பத்தைச் சொல்லி, இதை எவரிடமும் சொல்லாதீர் என்று கேட்டுக்கொண்டால் என்ன செய்வீர்?" என்று வினவினார் பள்ளித் தலைவியார். "உயிரே போயினும் அந்த இரகசியத்தைக் காப்பேன்" என்று பெருமிதத்தோடு விடையிறுத்தேன். அவர் தலையை அசைத்தார். "அவ்வாறு வாக்களிக்கவே கூடாது. பிள்ளையின் நலத்திற்குப் பொறுப்பான அலுவலரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும். சொல்லப்போகிறோம் என்பதைப் பிள்ளையிடமும் மறைக்கலாகாது" என்றார். விடை தவறாயினும் வேலை கிடைத்தது.

பள்ளி இருந்தது இலண்டனுக்குத் தென்கிழக்கே உள்ள கென்ட் மாவட்டத்தில். ஆப்பிள் தோட்டங்களும் ஹாப் தோட்டங்களும் நிறைந்த நாடு அது. ஹாப் என்பது உயர்ந்த கழிகளிலும் கம்பிகளிலும் பற்றி ஏறும் ஒரு கொடி. அதன் பூங்கொத்துகள் பீர் மதுவிற்குக் கசப்பும் மணமும் தருகின்றன. அப்பூக்களை உலர்த்துவதற்காகக் கட்டிய கூம்புக் கூரை வீடுகளை வழியெங்கும் கண்டேன். முற்காலத்தில் கோடை இறுதியில் இலண்டன் மாநகரின் ஏழைத் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக இங்கு வந்து, குடிசைகளில் தங்கிப் பூப் பறித்துக் கூலி பெற்றுச் செல்வார்களாம். பெண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் அதுவே விடுமுறை, அதுவே பிழைப்பு. 1960-களில் பொறிகள் பரவியதும் அவ்வழக்கம் மறைந்தது. கோடைக் கூலிக்காகக் கென்ட் நாட்டிற்கு வந்தவர்களில் நான் முதல்வன் அல்லன் என்று அறிந்தபோது எனக்கு ஒருவகை ஆறுதல் உண்டாயிற்று.

கற்பிக்கும் பொறுப்பு ஆசிரியர்களுடையது. காலையில் பாடம் முடிந்தபின் ஆடலும் பாடலும், வாரத்தில் இரு நாள் ஊர் சுற்றலும், இரவில் விடுதிக் காவலும் என் போன்றோர் பொறுப்பு. ஏழரை மணிக்குப் பிள்ளைகளை எழுப்புவோம். ஆகாத உணவு இன்னின்னது உடையவர் யார் யார் என்பதை நெட்டுருச் செய்து வைத்திருப்போம். நிலக்கடலை ஒன்று வாயிற் பட்டாலும் மூச்சுத் திணறும் பிள்ளைகள் உண்டு. சில மாலைகளில் நம் சடுகுடுவைக் கற்பித்தேன். மூச்சுப் பிடித்து ஓடும் அவ்வாட்டத்தில் இத்தாலிய மாணவர்கள் சொக்கிப் போயினர்; விதிகளை மட்டும் அவர்கள் நாளுக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டனர். இரவு பத்து மணிக்கு விளக்கணைத்து, பிள்ளைகளின் கைப்பேசிகளை வாங்கிப் பூட்டிவைப்போம். வாரத்தில் ஒரு நாள் எங்களுக்கு ஓய்வு. அந்நாட்டில் 1999 முதல் நடைமுறையில் உள்ள குறைந்த அளவுக் கூலிச் சட்டப்படி, உறைவிடத்திற்காக ஓர் அளவுக்கு மேல் கூலியில் கழிக்கலாகாது. உணவிற்காகக் கழித்துக் கூலியை அவ்வளவிற்குக் கீழே குறைக்கவும் கூடாது. எனக்கு அது பேருதவியாயிற்று.

அப்பள்ளியில் பிள்ளைகளும் பணியாளரும் ஒருவரையொருவர் வெறும் பெயரிட்டே அழைத்தனர். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி என் பெயரைச் சொல்லிக் கூவியழைத்தபோது முதல் நாள் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னைப் போலவே வருந்தினான் ஒருவன். அவன் பத்து வயதுத் துருக்கிச் சிறுவன். என் பொறுப்பில் இருந்த 14 சிறுவர்களுள் மிக இளையவன். மூத்தவரைப் பெயரிட்டு அழைக்க அவனுக்கு நா எழவில்லை. இரண்டு நாள் என்னை எவ்வாறும் அழைக்காமலே இருந்தான். மூன்றாம் நாள் 'ஆபி' என்றான். அது துருக்கி மொழியில் அண்ணன் என்று பொருள்படும் சொல். எனக்கு ஊரில் இரு தம்பியர் உண்டு. கடல் கடந்த நாட்டில் அச்சொல் என் செவியில் எப்படி விழுந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அன்றிரவு பதினொரு மணியளவில் நடைவழியில் உலவும்போது, அச்சிறுவனின் அறையிலிருந்து விம்மல் ஒலி கேட்டது. "அன்னெ, அன்னெ" என்று அவன் அழுதுகொண்டிருந்தான். நான் திகைத்து நின்றேன். அன்னை என்று தமிழில் அல்லவா அழுகிறான்! துருக்கி மொழியிலும் தாயைக் குறிக்கும் சொல் அவ்வாறே ஒலிக்கிறது என்பதைப் பின்னர் அறிந்தேன். தமிழும் துருக்கியும் ஒரே குடும்பத்து மொழிகள் அல்ல. ஒலி பொருந்தியது தற்செயலே. ஆயினும் அந்த நள்ளிரவில் அதன் பொருளை எனக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நம் ஊராக இருந்தால் உள்ளே சென்று அவன் தலையைத் தடவிக் கொடுத்திருப்பேன். அங்கு அது கூடாது. பெரியவர் ஒருவர் பிள்ளை ஒன்றோடு அறையில் தனித்திருத்தலாகாது என்பது விதி. உடன் பணியாற்றிய வேல்ஸ் நாட்டு இளைஞரை எழுப்பினேன். சிறுவனை வெளிச்சமான நடைவழிக்கு அழைத்துவந்து இருவரும் தரையில் அமர்ந்தோம். இரக்கமற்ற விதி என்று அன்று முனகினேன். எவருடைய பிள்ளையோ எவரையோ நம்பி ஓரிடத்தில் உறங்கும்போது, நல்லவனையும் தீயவனையும் அவ்விதி முகம் பார்த்துப் பிரிக்க முடியாதல்லவா? இதனை உணர எனக்குச் சில நாள் பிடித்தது.

அவனது அழுகையை மாற்றுவதற்காக, "உன் மொழியில் எனக்கு ஏதேனும் கற்றுக்கொடு" என்றேன். 'எவ்' என்றால் வீடு. 'எவ்லெர்' என்றால் வீடுகள். 'எவ்லெர்தெ' என்றால் வீடுகளில். நம் மொழியைப் போலவே பெயரோடு பன்மை விகுதியும் வேற்றுமை உருபும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒட்டுகின்றன. 'பென் எவெ கித்திம்' என்றான். 'நான் வீட்டிற்குப் போனேன்' என்பதே பொருள். சொற்களின் வரிசையும் நம்முடையதே. வினை இறுதியில் நிற்கிறது. 'போனேன்' என்பதில் 'ஏன்' நிற்பதுபோல் அங்கே 'ம்' நின்று தன்மையை உணர்த்துகிறது. வகுப்பில் அவன் ஆங்கிலச் சொற்களை முறைமாற்றி அடுக்கிய காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. நானும் ஆறாம் வகுப்பில் அவ்வாறே அடுக்கி ஆசிரியரிடம் குட்டுப் பட்டவன். அதுமுதல் ஒவ்வோர் இரவும் அவன் எனக்கு ஒரு சொற்றொடர் கற்பித்தான். 'புராதா பெக்லெ' என்பது அவற்றுள் ஒன்று. 'இங்கே காத்திரு' என்பது அதன் பொருள். ஊர் சுற்றும்போது வழி தவறினால் எங்கும் ஓடாமல், பிரிந்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதை அத்தொடரைக் கொண்டே அவனுக்குச் சொல்லிவைத்தேன்.

மூன்றாம் வாரம் கேன்டர்பரி நகருக்குச் சென்றோம். உரோமிலிருந்து வந்த அகஸ்டின் 597-ஆம் ஆண்டில் நிறுவிய பேராலயம் அங்கு உள்ளது. பேராயர் தாமஸ் பெக்கெட் 1170-ஆம் ஆண்டில் அதனுள்ளேயே கொலையுண்டார். அவரது கல்லறையை நாடி யாத்திரிகர் திரள் திரளாக வந்தனர். இவற்றையெல்லாம் நான் சிறுவர்களுக்கு விளக்கியதாக எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்கள் இனிப்புக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

மாலை நான்கு மணிக்கு ஆலய வாயிலில் அனைவரும் கூடினோம். மழை தூறத் தொடங்கிற்று. பெயர்ப் பட்டியலை எடுத்தால் நனையுமே என்று, தலைகளை மட்டும் விரைந்து எண்ணினேன், 14 இருந்தன. தாளில் ஒப்பமிட்டுப் பேருந்து நிற்குமிடத்திற்கு நடத்திச் சென்றேன். அங்கு மீண்டும் எண்ணியபோது 13 தலைகளே இருந்தன. வேறு குழுவைச் சேர்ந்த இத்தாலியச் சிறுவன் ஒருவன் தன் நண்பனோடு பேசிக்கொண்டு எங்கள் நடுவே நின்றிருக்கிறான். அவனையும் சேர்த்து எண்ணிவிட்டேன். காணாதவன் துருக்கிச் சிறுவன்.

மற்றப் பிள்ளைகளைத் தோழரிடம் ஒப்படைத்துவிட்டு வந்த வழியே ஓடினேன். குடைகளும் முகங்களும் எதிரே வந்துகொண்டே இருந்தன. இஸ்தான்புல் நகரில் அந்நேரம் தன் மகன் நலமாய் இருக்கிறான் என்று நம்பியிருக்கும் ஒரு தாயின் நினைவு வந்தது, கால் தடுமாறிற்று. வாயிலின் வளைவின் கீழே, ஒரு தூணோடு தூணாக அவன் நின்றிருந்தான். தாய்க்கென வாங்கிய சிறு பொட்டலம் அவன் கையில் இருந்தது. பணியாளர் ஒருவர் உள்ளே வந்து அமருமாறு அழைத்தும் அவன் நகரவில்லையாம். என்னைக் கண்டதும் அழவில்லை. "புராதா பெக்லெ" என்று எனக்கே நினைவூட்டுபவன்போல் சொன்னான். 25 நிமிடம் நின்றிருக்கிறான்.

திரும்பும் வழியில் தோழர் எனக்கு நன்மை செய்ய எண்ணி ஒரு யோசனை கூறினார்: "சிறுவன் வரிசையை விட்டு நழுவிவிட்டான் என்று அறிக்கையில் எழுதிவிடும். அதிலும் உண்மை உண்டே. அவன் கடைக்குப் போகத்தானே செய்தான்." எழுதியிருந்தால் என் வேலைக்கு ஊறில்லை. வரிசையை விட்டுச் செல்லும் பிள்ளைக்கு எஞ்சிய சுற்றுலாக்கள் கிடையா என்பதே பள்ளி விதி. மூன்று வாரக் கூலி இன்னும் வர வேண்டியிருந்தது. தந்தையாரின் கடன் தவணை மனக்கண்முன் நின்றது. பேருந்து பள்ளி வாயிலை அடையும் வரையில் நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தலைவியாரின் அறையில் அறிக்கைத் தாளை எழுத அமர்ந்தேன். "எத்தனை பெயர்களைப் படித்தீர்?" என்று கேட்டார். "ஒன்றும் படிக்கவில்லை. தலைகளை எண்ணினேன். தாளில் பொய்யாக ஒப்பமிட்டேன்" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு இரு வாரம் என்னைச் சுற்றுலாக்களிலிருந்து நீக்கி, உண்டிச்சாலையில் மேசை துடைக்கும் வேலையில் அமர்த்தினார். சிறுவனின் பெற்றோருக்கு அன்றிரவே தாமே தொலைபேசியில் செய்தி கூறினார். தவறு பள்ளியுடையது என்று கூறியதை நான் அருகில் நின்று கேட்டேன். என் பெயரை அவர் சொல்லவில்லை.

மேசை துடைத்த நாட்களில் அச்சிறுவன் உணவு முடிந்ததும் தன் தட்டோடு பக்கத்துத் தட்டுகளையும் அடுக்கிக் கொண்டுவந்து தருவான். அவன் ஆங்கிலமும் ஒருவாறு நேர்ப்பட்டு வந்தது. வினை மட்டும் அவ்வப்போது கடைசிக்கு ஓடிவிடும்.

அவன் குழு ஊர் திரும்பிய நாளில் விமான நிலையத்திற்குச் செல்லும் பேருந்து விடியற்காலை நான்கு மணிக்கு வந்தது. பிள்ளைகள் உறக்கக் கலக்கத்தோடு ஏறினர். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு பட்டியலிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொரு முகத்தையும் பார்த்த பின்னரே கோடிட்டேன். அவன் பெயர் ஒன்பதாவது. மற்றவர்கள் ஆங்கிலத்தில் விடையளிக்க, அவன் மட்டும் தன் மொழியில், "இங்கிருக்கிறேன், ஆபி" என்றான். பேருந்து ஆலமரம் போன்ற ஓக் மரத்தைக் கடந்து மறைந்தது. நண்பகலில் அடுத்த குழு வருவதாக இருந்தது. அதற்குள் 14 கட்டில்களின் விரிப்புகளையும் மாற்ற வேண்டும். தோழரும் நானும் விடுதிக்குத் திரும்பினோம்.