உப்புக்குள் ஓர் ஆலயம்

போலந்து நாட்டின் தென்பகுதியில், கிராக்கோவ் நகருக்கு அருகே வியெலிச்கா என்ற சிற்றூர் இருக்கிறது. மேலே பார்த்தால் கடைத்தெருவும் கோயில் கோபுரமும் கொண்ட சாதாரண ஊர்தான். அதன் பெருமையெல்லாம் தரைக்கு அடியில் உள்ளது.

ஹங்கேரி மன்னர் நான்காம் பேலாவின் மகள் கிங்கா, 1239-ல் கிராக்கோவ் கோமகனுக்கு மணமகளாக வந்தார். புறப்படுமுன் தாய்நாட்டின் உப்புச் சுரங்கமொன்றில் தம் மோதிரத்தை எறிந்தாராம். வியெலிச்காவில் வெட்டியெடுத்த முதல் உப்புக் கட்டிக்குள் அதே மோதிரம் இருந்ததாம்! கதை இனியதே. ஆனால் கிங்கா பிறப்பதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கு ஊற்றின் உவர்நீரைக் காய்ச்சி மக்கள் உப்பெடுத்தனர் என்பதை அகழாய்வுகள் காட்டுகின்றன. பூமிக்குள் இறங்கிப் பாறையுப்பை வெட்டத் தொடங்கியது 13-ஆம் நூற்றாண்டில்தான். அடுத்த நூற்றாண்டில் மன்னர் மூன்றாம் கசிமீரின் வருவாயில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு உப்பிலிருந்தே கிடைத்தது.

அந்தச் செல்வத்தை ஈட்டித் தந்தவர்கள் பாடு எளிதன்று. சுரங்கத்தில் தீப்பற்றும் வாயு சேரும். சிலர் ஈர உடையுடன் தரையில் ஊர்ந்து சென்று, நீண்ட கழியின் நுனியில் பந்தமேந்தி அதை எரித்து அகற்றுவார்கள். ஊர்ந்து செல்லும் அவர்களுக்குத் 'தவசிகள்' என்றே பெயர். காலையில் இறங்கியவர் மாலையில் ஏறி வருவது நிச்சயமில்லை. ஆகவே வேலை செய்த இடத்திலேயே செபிப்பதற்குச் சிற்றாலயங்கள் குடைந்தார்கள்.

அவற்றுள் பெரியது புனித கிங்கா ஆலயம். 101 மீட்டர் ஆழத்தில், 54 மீட்டர் நீளத்தில் அமைந்தது. 1896-ல் தொடங்கிய வேலையை மார்க்கோவ்ஸ்கி சகோதரர்கள் இருவரும், பின்னர் அந்தோணி விரோதெக்கும் செய்தனர். மூவரும் சுரங்கத் தொழிலாளர்கள்! பலிபீடம், இயேசுவின் இறுதி இராவுணவுக் காட்சி, தரை எல்லாமே உப்பு. சரவிளக்குகளில் தொங்குவதும் உப்புப் பளிங்கே.

உப்புக்குப் பகை நீர். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கிய புனித அந்தோணியார் சிற்றாலயத்தில், ஈரக் காற்று பட்டுச் சிலைகளின் முகங்கள் கரைந்துபோயின. 1978-ல் யுனெஸ்கோவின் முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இச்சுரங்கம், 1989-ல் அழியும் ஆபத்தில் உள்ளவற்றோடு சேர்க்கப்பட்டது. 1992-ல் ஒரு பாதையில் நீர் பெருக்கெடுத்தபோது, மேலே நிலம் தாழ்ந்து இரயில் பாதையும் துறவிகளின் மடமும் ஆபத்துக்குள்ளாயின. 1996-ல் உப்பு வெட்டுவது நின்றது. காற்றின் ஈரத்தைக் குறைக்கும் இயந்திரங்கள் வைத்த பின், 1998-ல் அந்த ஆபத்துப் பட்டியலிலிருந்து நீங்கியது.

இன்றும் தொழிலாளர் இறங்குகிறார்கள், கசியும் நீரை வெளியேற்றவும் பழைய அறைகளுக்கு முட்டுக் கொடுக்கவும்.