பாஸ்போர்ட்டில் எந்த விசா?



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, சி.என்.சி. இயந்திரங்களைப் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ஐந்தாம் செமஸ்டர் முடிந்த கையோடு ஹாஸ்டல் வராண்டாவில் கேட்கிற பேச்செல்லாம் ஒன்றாகவே இருக்கிறது. "மாப்ளே, துபாயில ஏ.சி. டெக்னீஷியன் வேலை இருக்காம். ஒண்ணேகால் லட்சம் கட்டினா பதினஞ்சு நாள்ல பறந்துடலாமாம்." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. இதே வார்த்தையை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் சொல்ல, என் அண்ணன் தலையாட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

அண்ணன் 2023-இல் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவர். முதல் வகுப்பு. அம்மாவின் சங்கிலி வங்கிக்குப் போனது. அந்த வருடம் நவம்பரில் அண்ணன் விமானம் ஏறினார். கையில் இருந்தது 60 நாள் விசிட் விசா. "போறதுக்கு மட்டும்தான் தம்பி இது. அங்கே போனதும் கம்பெனியே வேலை விசாவா மாத்திக் குடுத்துடும்" என்றார் அந்த ஏஜென்ட். நம்பிவிட்டோம்.

விசா என்ற சொல்லை நாம் ஒரே பொருளில் பயன்படுத்துகிறோம், அங்கேதான் தவறு ஆரம்பிக்கிறது. ஊர் பார்க்கப் போகிறவனுக்கும், சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவனுக்கும், வேலைக்குப் போகிறவனுக்கும் பாஸ்போர்ட்டில் விழுவது வேறு வேறு அனுமதி. ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனி முதலில் அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தின் வழியாக ஒரு வேலை ஒப்பந்தக் கடிதம் தரவேண்டும். அதில் பதவி, சம்பளம், படி எல்லாம் இருக்கும். நாம் கையெழுத்துப் போட்ட பிறகே வேலைக்கான நுழைவு அனுமதி வரும். அங்கே போய் இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை, அடையாள அட்டை, பிறகு தங்கும் அனுமதி. இத்தனைக்கும் ஆகும் செலவு முதலாளியுடையது. ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக்கூடாது என்று அந்நாட்டின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே சொல்கிறது. விசிட் விசாவில் போனவனைக் கூப்பிட்டு உண்மையிலேயே வேலை விசா எடுத்துக் கொடுத்த கம்பெனிகளும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மாற்றும்வரை அவன் ஒரு நாள் வேலை செய்தாலும் அது சட்ட விரோதம். 2024 ஆகஸ்டில் அமீரகம் சட்டத்தைத் திருத்தி, அனுமதியில்லாமல் ஆள் வைத்து வேலை வாங்கும் முதலாளிக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று ஆக்கியது.

அண்ணன் போனது அதற்கு முன்பு. எட்டுப் பேர் ஓர் அறை. ஒரு காண்டிராக்டரிடம் தினக்கூலி மாதிரி வயரிங் வேலை. முதல் மாதச் சம்பளம் வந்தது. இரண்டாம் மாதம், "விசா செலவுக்குப் பிடிச்சுக்கிட்டேன்" என்றாராம். பாஸ்போர்ட்டும் அவரிடமே. ஜனவரியில் 60 நாள் முடிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் 50 திர்ஹாம் அபராதம் ஏற ஆரம்பித்தது. போனில் இதையெல்லாம் அவர் சொல்லவே இல்லை. "நல்லா இருக்கேன்டா, நீ அரியர் வைக்காம படி" என்பார். அக்டோபருக்குள் கணக்குப் போட்டால் 13,500 திர்ஹாம், நம் பணத்தில் மூன்று லட்சத்துக்கு மேல். அதைக் கட்டாமல் விமானம் ஏற முடியாது. கட்டவோ கையில் காசில்லை. நல்லவேளை, 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அமீரக அரசு பொதுமன்னிப்பு அறிவித்தது. அறையில் இருந்த மலையாளி நண்பர் ஒருவர் சண்டை போட்டுப் பாஸ்போர்ட்டை வாங்கிக் கொடுக்க, அபராதம் தள்ளுபடியாகி வெளியேறும் அனுமதி கிடைத்தது. அந்தப் புண்ணியவானை இன்றுவரை நான் பார்த்ததில்லை. அம்மா தினமும் விளக்கேற்றும்போது அவர் பெயரையும் சொல்கிறார்.

அண்ணன் திரும்பி வந்தபின், இருவரும் உட்கார்ந்து படித்தவற்றைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். முதலில் எங்களை அதிர வைத்த விஷயம் ஒன்று.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்.' என்று குறிப்பு இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும். முதலாளி யார், சம்பளம் எவ்வளவு என்று ஒப்பந்தத்தை அங்கே பார்ப்பார்கள். பத்து லட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா யோஜனா விபத்துக் காப்பீடும் கட்டாயம். நாமோ பத்தாவது தேறித்தானே டிப்ளமோவில் சேர்ந்தோம்? ஆகவே நம் பாஸ்போர்ட்டில் அந்தக் குறிப்பு கிடையாது. அனுமதி தேவையில்லை. "உங்களுக்கெல்லாம் கிளியரன்ஸே வேணாம், நேரா போகலாம்" என்று ஏஜென்ட் பெருமையாகச் சொல்வது உண்மைதான். ஆனால் அதன் பொருள் என்ன? நம் ஒப்பந்தத்தை நம்மைத் தவிர வேறு யாரும் படிக்கப்போவதில்லை! எங்கள் தெருவில் கொத்தனார் வேலைக்குப் போனவரின் காகிதத்தை அரசாங்கம் பார்த்தது. முதல் வகுப்பில் தேறிய அண்ணனின் காகிதத்தை யாரும் பார்க்கவில்லை.

ஏஜென்ட் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. மத்திய வெளியுறவு அமைச்சகத்திடம் பதிவு பெறாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது குற்றம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், ரசீதும் தரவேண்டும். 'இ-மைகிரேட்' இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் அந்த ஏஜென்ட் நடப்பில் உள்ளவரா, ரத்தானவரா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். எங்களிடம் வந்தவருக்குப் பதிவும் இல்லை, ரசீதும் இல்லை. "பெரிய ஆபீஸ் மெட்ராஸ்ல இருக்கு, நான் அவங்க ஆளு" என்றார், அவ்வளவுதான். மாநில அரசே 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு மனிதவளக் கழகம் சென்னையில் இருக்கிறது. அது ஆள் எடுக்கும் விளம்பரங்களைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே அன்று எங்களுக்கு வரவில்லை. இன்னொரு தந்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலை உறுதியாகும் முன்பே மெடிக்கலுக்கு அனுப்பிப் பணம் கறப்பார்கள். கையில் கடிதம் வராமல் ஊசி போட்டுக்கொள்ளப் போகாதீர்கள்!

அடுத்தது சிங்கப்பூர். எங்கள் பக்கம் பாதி வீடுகள் சிங்கப்பூர்ப் பணத்தில் எழும்பியவை, ஆகவே இதில் எல்லோருமே நிபுணர்கள். ஆனால் 'ஒர்க் பெர்மிட்', 'எஸ் பாஸ்', 'எம்ப்ளாய்மென்ட் பாஸ்' மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். ஒர்க் பெர்மிட் என்பது பெரும்பாலும் கட்டுமானம், கப்பல் பட்டறை, ஆலைப் பராமரிப்பு வேலைகளுக்கு. கட்டுமானத்துக்கு ஸ்கில் டெஸ்ட் தேறவேண்டும். அதைத் தமிழ்நாட்டிலேயே எழுதலாம். நம் டிப்ளமோவுக்கு ஏற்றது எஸ் பாஸ். அதற்கு 2025 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 3,300 சிங்கப்பூர் வெள்ளி. நிதித்துறைக்கு இன்னும் அதிகம், வயது கூடினாலும் தொகை கூடும். ஒரு கம்பெனி இத்தனை பேருக்குத்தான் எஸ் பாஸ் எடுக்கலாம் என்று ஒதுக்கீடும் உண்டு. எம்ப்ளாய்மென்ட் பாஸ் 2025 ஜனவரியிலிருந்து 5,600 வெள்ளியில் ஆரம்பிக்கிறது, அதோடு புள்ளிக் கணக்கும் உண்டு. புதிதாகத் தேறியவனுக்கு அது எட்டாது.

இங்கே நடக்கும் கோல்மால் என்னவென்றால், காகிதத்தில் 3,300 வெள்ளி காட்டி எஸ் பாஸ் எடுப்பார்கள். கையில் தருவது 1,800. அல்லது முழுதாக வங்கியில் போட்டுவிட்டு, மாதாமாதம் ரொக்கமாகத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். "எல்லாரும் இப்படித்தாங்க போறாங்க" என்பார்கள். சிங்கப்பூர்ச் சட்டத்தில் இது பெரிய குற்றம். சம்பளத்தைப் பொய்யாகக் காட்டினால் 20,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். வெளிநாட்டுத் தொழிலாளிக்காக மாதாமாதம் கட்டும் 'லெவி'யை முதலாளிதான் கட்டவேண்டும், நம் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. அந்நாட்டு ஏஜென்ட் வாங்கும் கட்டணமும் ஒரு வருட வேலைக்கு ஒரு மாதச் சம்பளம், என்ன ஆனாலும் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. இங்கே உள்ளவர் நான்கு லட்சம் கேட்டால் அது எந்தக் கணக்கு என்று கேளுங்கள். போகும் முன் வரும் 'ஐ.பி.ஏ.' கடிதத்தில் சம்பளம், பிடித்தம் எல்லாம் எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் பெட்டி கட்டாதீர்கள்.

தாய்லாந்து பற்றி இரண்டு வரி. 2022-இல் 'டேட்டா என்ட்ரி', 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' என்று சொல்லித் தமிழ்நாட்டு இளைஞர்களையும் பாங்காக் வரவழைத்து, அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுபோய், இணைய மோசடி வேலையில் அடைத்து வைத்தார்கள். வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை வெளியிட்டது. அவர்கள் போனதும் சுற்றுலா அனுமதியில்தான்.

'அப்போ வெளிநாடே போகக்கூடாதா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நான் அப்படிச் சொல்லவில்லை. டிப்ளமோவுக்கு நேர் வழி திறந்திருக்கும் இடங்களும் இருக்கின்றன. அதில் எங்களுக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனி. தொழில் தெரிந்த ஆள் போதவில்லை என்று 2020 மார்ச்சில் ஒரு சட்டம் கொண்டுவந்து, 2023-24-இல் அதை இன்னும் தளர்த்தினார்கள். 2024 அக்டோபரில் இந்தியர்களுக்கான திறன் தொழிலாளர் விசாவை ஆண்டுக்கு 20,000-இலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாகவும் அறிவித்தார்கள். அங்கே வேலை தேடுவதற்கென்றே 'சான்சன்கார்ட்டே' என்ற வாய்ப்பு அட்டை 2024 ஜூன் முதல் தேதி வந்தது. சொந்த நாட்டு அரசு அங்கீகரித்த, குறைந்தது இரண்டு வருடப் படிப்பு வேண்டும். நம்முடையது மூன்று வருடம். ஜெர்மன் மொழியில் ஏ-1 அல்லது ஆங்கிலத்தில் பி-2 நிலை வேண்டும். இவை அடிப்படை. இதற்கு மேல் 6 புள்ளி சேர்க்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 வயதுக்குள் இருந்தால் 2. ஜெர்மன் ஏ-2 என்றால் 1, பி-1 என்றால் 2, பி-2 என்றால் 3. படித்த துறையில் கடந்த ஐந்து வருடத்தில் இரண்டு வருட அனுபவம் இருந்தால் 2. அப்படியானால் படித்து முடித்த சூட்டோடு போகிறவனுக்கு வயதுக்கு 2, சிரமப்பட்டு பி-1 முடித்தால் 2, ஆக 4தான். அதே ஆள் இங்கேயே ஒரு நல்ல தொழிற்சாலையில் இரண்டு வருடம் வேலை பார்த்தால் 6 ஆகிவிடுகிறது! சம்பளச் சீட்டு, அனுபவக் கடிதம், பி.எஃப். கணக்கு எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும். செலவுக்குப் பணம் இருப்பதையும் காட்டவேண்டும். 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ, ஒரு வருடத்துக்கு 13,092. அது நமக்குப் பெரிய தொகை, மறுக்கவில்லை. ஆனால் அது நம் பெயரிலேயே முடக்கி வைக்கும் பணம், மாதாமாதம் நமக்கே திரும்ப வரும். ஏஜென்ட் பைக்குள் போவதில்லை. அங்கே போய் வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலையும் செய்யலாம். இங்கிருந்தே வேலை கிடைத்துவிட்டால் அட்டையே வேண்டாம்: இரண்டு வருட அனுபவமும் ஆண்டுச் சம்பளம் 43,470 யூரோவும் (இது 2025-இன் தொகை) இருந்தால் நேராக வேலை விசா கேட்கலாம்.

ஜப்பானில் 2019 ஏப்ரலில் 'குறிப்பிட்ட திறன் தொழிலாளர்' என்ற விசா தொடங்கியது. 2021 ஜனவரியில் நம் நாட்டோடு ஒப்பந்தம் ஆனது. மொழியில் என்-4 நிலையும் தொழில் தேர்வும் தேறினால் போதும், டிகிரி கேட்பதில்லை. முதல் வகையில் ஐந்து வருடம் வரை இருக்கலாம், குடும்பத்தை அழைக்க முடியாது.

அமெரிக்க எச்-1பி-க்குப் பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி வேண்டும். பிரிட்டன் 2025 ஜூலையில் திறன் தொழிலாளர் விசாவைப் பெரும்பாலும் பட்ட நிலை வேலைகளுக்கு என்று உயர்த்திவிட்டது. பி.இ. லேட்டரல் என்ட்ரி சேருகிறவர்கள் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். தொழிலதிபர் விசா என்று எங்கள் மாமா ஒருவர் பேசுவார். அமெரிக்காவின் இ.பி.-5-க்கு 2022-இலிருந்து குறைந்தது எட்டு லட்சம் டாலர் முதலீடு. சிறிய தொகையில் கடை போட்டுப் போகும் இ-2 விசா, ஒப்பந்தம் இல்லாததால் இந்தியக் குடிமக்களுக்கே கிடையாது. மாமாவுக்கு இருப்பது ஒரு பரோட்டாக் கடை. பேசட்டும், பேச்சுக்கு விசா வேண்டாம்!

அண்ணன் 2025 தை மாதம் ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் சேர்ந்தார். சம்பளம் சுமார்தான். அவருடைய இரண்டு வருடம் 2027 தையில் முடியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெர்மன் வகுப்பு. 'டேர், டீ, டாஸ்' என்று சாப்பிடும்போதும் முணுமுணுக்கிறார். அம்மாவின் சங்கிலி இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. அண்ணன் சேர்த்து வைத்திருக்கும் பைலை நான் ஹாஸ்டலுக்கு எடுத்து வந்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது கடிதமோ ஒப்பந்தமோ வந்திருந்தால், பணம் கட்டும் முன்பு எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம். மெக்கானிக்கல் மூன்றாம் வருடம், மாடியில் கடைசி அறை.