தற்காப்பு அறிவோம்

சிலம்பம் பயில்வோர் கம்பைச் சுழற்றுமுன் காலடி வைக்கக் கற்கின்றனர். தற்காப்புக்கும் அதுவே முதற்பாடம்.

சென்ற ஆண்டு, மதுரைப் பெரியார் பேருந்து நிலைய நெரிசலில் ஒருவன் என் மணிக்கட்டைப் பற்றினான். கையை நேரே பின்னுக்கு இழுத்தேன், பிடி இறுகியது. பூ விற்கும் பாட்டி அதட்டியதும் ஓடிவிட்டான்.

பின்னரே ஒரு முறையைக் கற்றேன். பிடித்தவனின் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடமே பிடியின் பலவீனம். காலை அகட்டி ஊன்றி, முழங்கையை மடக்கி, அந்த இடைவெளி வழியாக வெடுக்கென இழுத்தால் கை விடுபடும். உடனே உரக்கக் கத்தி, ஆள் நடமாட்டமுள்ள கடைக்கு ஓட வேண்டும். உதவிக்கு 181 அல்லது 112 எண்ணை அழைக்கலாம். பெற்றோரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பத்திரமாக வீடு சேர்வதே வெற்றி. தோழியருடன் தினமும் பழகுவோம்!