கண்ணுக்குள் ஒரு ஸ்கேன்: நரம்பு நோயைக் கம்ப்யூட்டர் அளப்பது எப்படி?

உங்கள் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். எல்லா ஒயர்களுக்கும் பிளாஸ்டிக் உறை இருக்கும். உறை கிழிந்தால் சிக்னல் கெடும். நாளடைவில் உள்ளே உள்ள கம்பியும் நைந்துவிடும். மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்ற நோயில் மூளையிலும் தண்டுவடத்திலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் உறையான மயலினைத் தாக்குகிறது. சிலருக்கு முதல் அடையாளம் கண்ணில் தெரியும்: ஒரு கண் மங்கும், அசைத்தால் வலிக்கும். ஐரோப்பாவை விட நம் நாட்டில் இது குறைவு. ஆனால் வருவது பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள்.

விழித்திரையின் நரம்பு இழைகளுக்கு இந்த உறை கிடையாது. கண்ணை விட்டு வெளியேறிய பிறகுதான் உறை தொடங்குகிறது. ஆகவே விழித்திரையில் அளந்தால் நேராகக் கம்பியையே அளக்கிறோம். ஊசியும் வேண்டாம், எக்ஸ்ரேயும் வேண்டாம்.

திண்டுக்கல்காரர்களுக்குக் கண்ணைப் படம் பிடிப்பது புதிதல்ல. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நம் ஊரிலும் இயங்குகிறது. சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையை அங்கே போட்டோ எடுப்பது வழக்கம். அத்தகைய போட்டோக்களைப் படிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்கிய கூகுள் ஆய்வு 2016-ல் வெளியானது. பயன்பட்ட 1,28,175 படங்களில் அரவிந்தின் படங்களும் உண்டு. ஆனால் போட்டோ மேற்பரப்பைத்தான் காட்டும். ஆழத்தைக் காட்ட ஓ.சி.டி. என்ற ஸ்கேன் வேண்டும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்து 1991-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது இது. ஒளியைக் கண்ணுக்குள் அனுப்பி, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் திரும்பும் எதிரொலியை அளக்கிறது. 2002-ல் வந்த கருவி வினாடிக்கு 400 கோடுகள் ஸ்கேன் செய்தது. சில ஆண்டுகளில் வந்த சிரஸ் என்ற கருவி சுமார் 27,000 கோடுகள்! கண் சிமிட்டுவதற்குள் வேலை முடிந்தால் படம் ஆடாது.

ஒரு சிறு கணக்கு. சிரஸ் 6 மில்லிமீட்டர் சதுரத்தில் 200க்கு 200 கோடுகள் எடுக்கிறது. ஒவ்வொரு கோட்டிலும் ஆழத்துக்கு 1024 புள்ளிகள். பெருக்கினால் 4,09,60,000 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பைட் என்றாலும் சுமார் 39 எம்.பி. பழைய பிளாப்பி டிஸ்க்கில் அடக்க 28 தேவைப்படும். இத்தனை புள்ளிகளிலிருந்து அடுக்குகளின் எல்லையைச் சாப்ட்வேர் கோடு போட்டுப் பிரித்து, நரம்பு இழை அடுக்கின் தடிமனை மைக்ரானில் தருகிறது. நல்ல கண்ணில் சராசரி 90 முதல் 100 மைக்ரான், அதாவது நம் தலைமுடியின் பருமன்தான். இரு கண்களுக்கிடையே 5, 6 மைக்ரான் வித்தியாசம் வந்தாலே டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். 2025-ல் வெளியான புதிய மெக்டொனால்ட் விதிமுறைகள் பார்வை நரம்பையும் நோய் கணிக்கும் இடங்களில் ஒன்றாகச் சேர்த்துள்ளன, அதற்கு ஓ.சி.டி.யும் சான்றாகும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கண் நரம்பு வீங்கியிருக்கும்போது ஸ்கேன் எடுத்தால் அடுக்கு தடித்தே தெரியும், நஷ்டம் மறைந்துவிடும். வீக்கம் வடிந்து, மூன்று முதல் ஆறு மாதம் கழித்துதான் உண்மையான இழப்பு தெரியவரும். ரிப்போர்ட்டில் சிவப்பு நிறத்தைப் பார்த்ததும் பயந்துவிடவும் வேண்டாம். கண் நீர் அழுத்த நோயிலும் அடுக்கு மெலியும். கிட்டப்பார்வை அதிகமுள்ள நல்ல கண்ணுக்கும் சாப்ட்வேர் சிவப்பு போடும். காரணத்தைச் சொல்ல டாக்டரும் எம்.ஆர்.ஐ.யும் வேண்டும்.

எனவே ஒரு ரிப்போர்ட்டை விட, வரிசையான ரிப்போர்ட்டுகளே பயன்தரும். கூடியவரை ஒரே கருவியில் எடுங்கள். வேறு கம்பெனிக் கருவியின் எண்ணை இதோடு கழித்துப் பார்க்கக் கூடாது. சிரஸ் ரிப்போர்ட்டில் சிக்னல் அளவு பத்துக்கு 6-க்குக் கீழ் இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் தனி போல்டர் திறந்து, ஃபைல் பெயரை ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் வையுங்கள்: 2025-03-14 என்பதுபோல. பெயர் வரிசையில் அடுக்கினாலே காலவரிசை வந்துவிடும். செல்போனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சிறு எண்கள் மங்கிவிடும், பி.டி.எஃப். ஃபைலாகவே கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட்டில் ஓ.டி. என்றிருந்தால் வலது கண், ஓ.எஸ். என்றால் இடது கண்.