லீ என்ஃபீல்டு: முத்திரையும் மதிப்பும்

பழைய லீ என்ஃபீல்டு ராணுவத் துப்பாக்கியின் முக்கிய முத்திரைகள், மரக்கட்டை பொருந்தும் இரும்பு வளையத்தின் வலப்பக்கத்தில் உள்ளன. கிரீடம், மன்னர் பெயரெழுத்து, ஆலை, ஆண்டு, மாடல் என மேலிருந்து கீழாக அவை பொறிக்கப்பட்டிருக்கும். பி.எஸ்.ஏ. என்றால் பர்மிங்காம், இஷாப்பூர் என்றால் வங்காளம். சுதந்திரத்துக்குப் பின் இஷாப்பூரில் கிரீடத்தின் இடத்தை அசோகச் சிங்கம் பிடித்தது. அம்புக்குறி அரசுடைமையைக் காட்டும்; இரண்டு அம்புகள் முனையோடு முனை சேர்ந்திருந்தால் படையிலிருந்து விற்கப்பட்டது.

மதிப்பை ஏற்றுவது எண் பொருத்தம்தான்: போல்ட், குழல், உடற்பகுதி மூன்றிலும் தொடர் எண் ஒன்றாக இருக்க வேண்டும். ‘டி.பி.’ பொறித்தவை கவாத்துப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டவை, சுடத் தகாதவை, விலையும் குறைவு. குழலின் உட்சுவரில் துருக்குழி இருந்தாலும் மதிப்பு இறங்கும். தேய்த்து மெருகேற்றுவது பெருங்கேடு: முத்திரை மழுங்கும், பழைய பூச்சும் போய்விடும்.